முந்திரிகைப் பந்தலும் பனங்கள்ளும்

வகுப்பறையில் திராட்சை என்று படிப்பிக்கிறேன். வெளியே வந்ததும் முந்திரிகை என்கிறேன். யாழ்ப்பாணத்துத் தமிழில் அக்கொடிக்கு அதுவே பெயர். தமிழகத்து நண்பர் ஒருவரிடம் எங்கள் ஊர் முந்திரிகைப் பந்தலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், பந்தலிலே பருப்புக் காய்த்துத் தொங்குவதாக அவர் கற்பனை செய்துகொள்வார். அந்தப் பருப்பு எங்களுக்கு மரமுந்திரிகை. கொடியில் காய்ப்பது கொடிமுந்திரிகை. சொல்லாராய்ச்சி இத்துடன் நிற்கட்டும்.

இணுவில், கோண்டாவில், உரும்பிராய், நீர்வேலி என்று வலிகாமத்தில் நீண்டு கிடக்கும் செம்மண் இந்தப் பயிருக்கு இசைந்த மண். கீழே சுண்ணாம்புக் கல், அதற்குள் கிணற்று நீர், மேலே ஆண்டின் பெரும்பகுதி வற்றாத வெயில். புகையிலையும் வெங்காயமும் மரக்கறியும் விளைகின்ற அதே தோட்டங்களில் தூண் நட்டுக் கம்பி இழுத்துக் கொடியைப் படரவிடுகிறார்கள். உரிய காலத்தில் இலையையும் தண்டையும் கத்தரித்துவிட்டால் புதிய தளிரோடு பூவும் வரும். இஸ்ரேல் புளூ என்று எங்கள் கமக்காரர் அழைக்கும் கருநீல இனமே பெரும்பாலும் காணப்படுவது. பழத்தை நாங்கள் பழமாகவே தின்று தீர்த்துவிடுகிறோம். அதிலிருந்து இரசம் வடிப்பவர்கள், நான் அறிந்தவரை, 1928 ஆம் ஆண்டு தோமஸ் அடிகளார் தொடங்கிய தோலகட்டி ஆசிரமத்துத் துறவிகளே. அவர்களுடைய நெல்லி இரசப் போத்தல் இல்லாத வீடு ஒருகாலத்தில் இங்கே குறைவு. முந்திரிகை இரசமும் அங்கே உண்டு. காதலருக்காக அன்று, தேவ வழிபாட்டை முன்னிட்டே அது தொடங்கியிருக்கவேண்டும்.

ஆனால் இப்பொழுது காதலருக்காகவும் ஒரு முந்திரிகைத் தோட்டம் வந்துவிட்டது. பிரான்சிலும் கலிபோர்னியாவிலும் திராட்சைத் தோட்டத்து நடுவே இரவு தங்கி, அத்தோட்டத்து மதுவை அருந்தி, காலையில் பலகாரம் உண்டு திரும்புவது வசதி படைத்த தம்பதியரின் வழக்கம். அந்த வழக்கத்தை அங்கே கண்டு பழகிய நம்மவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது இங்கேயும் அதைத் தேடுகிறார்கள். தேடுவோர் இருந்தால் விற்போரும் வருவர். வலிகாமத்தின் ஓர் ஊரில், பழைய நாற்சார் வீடு ஒன்று விடுதியாகியிருக்கிறது. முற்றத்தை அடுத்து முந்திரிகைப் பந்தல், பந்தலுக்கப்பால் பனங்கூடல். 'இருவருக்கு மட்டும் ஓர் இரவு' என்பது அதன் விளம்பர வாசகம்.

பாரிசில் இருக்கும் என் கணவரின் தமையனார், எங்கள் திருமணத்தின் பத்தாவது ஆண்டு நிறைவுக்கு அந்த ஓர் இரவைத்தான் காசு கட்டிப் பரிசாக அனுப்பியிருந்தார்.

இந்தச் செய்தியைக் கேட்ட என் சக ஆசிரியர் ஒருவர், "உங்களைப்போன்ற ஆக்களுக்கும் உந்த ஆடம்பரமோ?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு எனக்கு உடன்பாடில்லை. எங்கள் வீட்டில் அறைகள் இரண்டு. மாமியார், இரு பிள்ளைகள், பரீட்சைக் காலத்தில் வந்து நிற்கும் மைத்துனி மகள் என்று அவற்றில் எப்பொழுதும் ஆள் நிறைந்திருக்கும். கணவனும் மனைவியும் ஒரு விடயத்தைக் குரல் தாழ்த்தாமல் பேசவேண்டுமானால் கிணற்றடிக்குத்தான் போகவேண்டும். உழைத்து வாழும் மக்களின் வீடுகளில் பெரும்பாலானவற்றின் நிலை இதுவே. சங்கப் புலவர்கள் காதலருக்குத் தினைப்புனத்தையும் கானற்சோலையையும் கொடுத்தார்கள். மணம் முடித்தவர்களுக்கு அடுக்களைப் புகையைத்தான் கொடுத்தார்கள். இருவர் தனித்திருந்து பேசுவதற்கு ஓரிடமும் ஓரிரவும் வேண்டும் என்பது ஆடம்பரமன்று. அது காசுள்ளவருக்கு மட்டும் கிடைக்கிறது என்பதே ஆடம்பரம்.

போனோம். ஆனி மாதத்து மாலை. வீடு அழகாகத்தான் இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் நேர்மையில்லை. சிவந்த ஓடு, தேய்ந்து பளபளத்த திண்ணை, நடுமுற்றத்தில் மழைநீர் விழும் பள்ளம், பாலைமரத் தூண்கள். இவ்வகை வீடொன்றிலே என் அம்மம்மா வாழ்க்கைப்பட்டவர். அங்கே திண்ணை ஆண்களுக்கு, அடுக்களை பெண்களுக்கு. பகல் வெளிச்சத்தில் கணவனோடு முகம் பார்த்து நாலு வார்த்தை பேசியதை அவர் தம் பிள்ளைகள் வளர்ந்த பின்னரும் நினைவுபடுத்திச் சொல்லக்கூடியவராக இருக்கவில்லை. காதலுக்கு இடமே வைக்காமல் கட்டப்பட்ட வீடு இன்று காதல் விடுதியாக வாடகைக்கு விடப்படுகிறது! அவ்வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று நான் கேட்கவில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு ஆறு வயது. அன்று பூட்டிய கதவுகளில் எத்தனையோ, பூட்டியவர் கையால் மீண்டும் திறக்கப்படவேயில்லை.

இராப்போசனம் பந்தலின் கீழ். ஏழு வகை என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். ஒடியற் கூழ் முதலில் வந்தது. வீட்டிலே பெரிய பானையில் காய்ச்சி, உறவினர் எல்லாரையும் கூப்பிட்டு, சுற்றியிருந்து வியர்க்க வியர்க்கக் குடிக்கின்ற கூழ், அங்கே முட்டை அளவுக் கிண்ணத்தில், ஒற்றை இறாலோடு, பெரிய வெள்ளைத் தட்டின் நடுவில் அநாதையாக நின்றது. நண்டுக் கறிக்கு உறைப்பைக் குறைத்திருந்தார்கள். பனாட்டை மெல்லிய கீற்றாக வெட்டிப் பாலாடைக்கட்டியின் மேல் வைத்திருந்தார்கள். அது உண்மையில் சுவையாக இருந்தது. பிறகு நீண்ட காம்புடைய கண்ணாடிக் கிண்ணங்கள் இரண்டில் வெண்மையாக ஒன்று வந்தது.

"இது பாம் வைன், மேடம்" என்றான் பரிமாறிய இளைஞன்.

"கள்ளெண்டு சொல்லும் தம்பி, எங்களுக்கு விளங்கும்" என்றார் என் கணவர்.

அவனும் சிரித்துவிட்டான். தவறணையில் ஒரு போத்தலுக்குக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு அந்தக் கிண்ணத்தின் விலை. யவனர் கலத்தில் கொணர்ந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் ஏந்திப் பாண்டியனுக்கு ஊட்டிய மகளிரைப் புறநானூறு காட்டுகிறது. அதியமானும் ஔவையும் ஊர்க் கள்ளைப் பகிர்ந்து உண்டதையும் அதே நூல்தான் காட்டுகிறது. இரண்டையும் ஒரே வகுப்பில் படிப்பிக்கிறேன். இரண்டும் ஒரே மேசையில் வந்து கலந்ததை அன்றுதான் கண்டேன்: யவனர் கிண்ணம், எங்கள் கள்.

இருள் விழுமுன் 'பனையேறும் காட்சி' இருக்கிறது என்று அறிவித்தார்கள். எங்களோடு அங்கே தங்கியிருந்த வேறு இரண்டு தம்பதியர் கைப்பேசிகளோடு எழுந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தளைநாரைக் காலில் மாட்டி, இடுப்பில் இயனக்கூட்டோடு, பார்த்திருக்கவே உச்சிக்குப் போனார். பாதி வழியில் நின்று கீழே பார்த்துச் சிரிக்கும்படி ஒருவர் சத்தமிட்டார். அவரும் நின்று சிரித்தார். இறங்கி வந்தவர், கிட்ட நின்ற என்னைக் கண்டதும் அந்தச் சிரிப்பைச் சட்டென்று இறக்கிவைத்தார்.

"ரீச்சரோ?"

பெற்றோர் கூட்டத்தில் கடைசி வாங்கில் இருக்கும் முகம். அவருடைய மகன் என் வகுப்பில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். முட்டி கனமாக இருக்குமே, இந்த நேரத்திலும் இவ்வளவு கள் வடிந்திருக்குமோ என்று ஏதோ கேட்டேன்.

"இது வெறும் முட்டி ரீச்சர். கள்ளு பின்னேரமே இறக்கிச் சங்கத்துக்குக் குடுத்தாச்சு. இது ஆக்களுக்குக் காட்ட ஏறுறது. ஏறுறதுக்கெண்டு தனிக் காசு தருவினம்." சிறிது நேரம் தளைநாரைச் சுருட்டிக்கொண்டு நின்றார். "தொழிலுக்கு ஏறுறதிலை எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. இது பகிடிக்கு ஏறுறது. மோனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

சொல்லமாட்டேன் என்றேன்.

அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றிச் சிறிது பேசவேண்டும். கள் இறக்குவோரை இந்த ஊர்கள் எந்தப் பாத்திரத்தில் வைத்திருந்தன என்பது நெடுங்காலத்துக் கதையன்று. என் அம்மம்மாவின் வளவில் பனை சீவ வந்தவர் தாகமென்று கேட்டால், கோடிப் பக்கத்தில் சிரட்டையில் ஊற்றுவார்கள்; அதுவும் எட்டி நின்று. அவர் இறக்கிய கள்ளை அதே வீட்டு ஆண்கள் திண்ணையில் இருந்து குடித்தார்கள். கள்ளுக்குத் தீட்டில்லை, இறக்கிய கைக்குத்தான் தீட்டு! தேநீர்க் கடைகளில் அவர்களுக்கு வாங்கில் இல்லை. வெளியே நின்று தகரப்பேணியில் குடிக்கவேண்டும். 1957 ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இவையெல்லாம் குற்றம் என்றது. சட்டம் கொழும்பில் இருந்தது, பேணி இங்கே இருந்தது. 1966 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி மக்கள் ஊர்வலமாகப் புறப்பட்டபோது பொலிசார் தடியோடு எதிர்நின்றனர். ஊர்வலம் நின்றுவிடவில்லை. சுன்னாகத்துக்கும் நகருக்கும் இடையில் கிடப்பது எங்கள் ஊர். அதன் பின் வந்த ஆண்டுகளில், கடை கடையாக, அடிபட்டும் உயிர் கொடுத்தும் வாங்கிலில் இருக்கும் உரிமையை அம்மக்கள் வென்றார்கள். டொமினிக் ஜீவாவின் கதைகளும் 1972 இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலும் அந்த வாழ்வின் மடியிலிருந்தே பிறந்தன. எழுபதுகளில் தவறணைகள் குத்தகைக்காரர் கையிலிருந்து தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மாறின. கள்ளுக்கு நிறுவைப்படி, அளவுப்படி காசு என்ற நிலை வந்தது. இந்த மனிதர் 'சங்கம்' என்று சொன்ன ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனையும் அடங்கிக் கிடக்கிறது.

இது எங்கள் மண்ணுக்கு மட்டும் உரிய கதை என்று நினைத்துவிடலாகாது. காதலர் தங்கி மகிழும் திராட்சைத் தேசங்களிலும் கொடிக்குக் கீழே குனிந்து நின்றவர்கள் இருந்தார்கள். சுன்னாகத்து ஊர்வலத்துக்கு ஓராண்டுக்குச் சற்று முன்னர், 1965 செப்ரெம்பர் 8 இல், கலிபோர்னியாவின் டெலானோவில் பிலிப்பினோத் தொழிலாளர்கள் திராட்சை பறிக்க மறுத்துத் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். சில நாட்களில் சேசர் சாவேசின் சங்கத்து மெக்சிக்கோ வழிவந்த தொழிலாளரும் சேர்ந்துகொண்டார்கள். அமெரிக்க இல்லத்தரசிகள் திராட்சை வாங்குவதை நிறுத்தினார்கள். ஐந்து ஆண்டுகளின் பின், 1970 இல், தோட்ட உரிமையாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். தென்னாபிரிக்காவின் கேப் பகுதியில் நடந்ததோ இன்னும் கொடியது. அங்கே திராட்சைத் தோட்டத்துத் தொழிலாளிக்குக் கூலியின் ஒரு பகுதியை மலிவான மதுவாகவே ஊற்றிக் கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் குடிக்கு அடிமையாக்கி வைத்து, அந்த அடிமைத்தனத்தையே வேலையாளைக் கட்டிவைக்கும் கயிறாக்கினார்கள். சட்டம் தடுத்த பிறகும் அவ்வழக்கம் நெடுநாள் நீடித்தது. அதே தோட்டங்களின் வெள்ளைச் சுவர் மாளிகைகளில் இன்று தேனிலவுத் தம்பதியர் தங்குகிறார்கள்.

அன்று இரவு நாங்கள் தூங்காமல் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பத்து ஆண்டுகளில் பேசாமல் சேர்த்துவைத்த பலவற்றைப் பேசினோம். அவை வாசகர்க்கு உரியவை அல்ல. கூடவே அந்த வெறும் முட்டியைப் பற்றியும் பேசினோம். "பாவிக்கிற ஆளுக்குக் காசு கிடைக்குது தானே. சங்கத்துக் காசு குடும்பத்துக்குக் காணாது. உதையும் மறிச்சால் என்ன செய்யிறது?" என்றார் கணவர். வங்கியில் எழுதுவினைஞர், வரவு செலவைத்தான் முதலில் பார்ப்பார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மனிதருக்கு வேண்டியது ஏறும் காசு மாத்திரமாக இருந்திருந்தால், மகனுக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டிருக்கமாட்டார். காலையில் பலகாரம் பரிமாறும்போது விடுதி மேலாளரிடம் இதைச் சொன்னேன்: பின்னேரம் உண்மையாகக் கள் இறக்கும் நேரத்திலேயே விருந்தினரைக் கூட்டிப்போய்க் காட்டலாம், அந்தக் கள்ளையே வாங்கலாம், ஒரு மனிதரைத் தேவையில்லாமல் இரண்டு தரம் உயரத்துக்கு அனுப்பவேண்டியதில்லை. "அந்த நேரம் வெளிச்சம் சரியில்லை, மேடம். படம் வடிவா வராது" என்றார் அவர், மிகுந்த பணிவோடு.

பாடசாலைக்குத் திரும்பியதும் பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்குச் சொல்வளம் பற்றிய பாடம் வந்தது. ஒவ்வொருவரும் தம் வீட்டில் நடக்கும் தொழிலுக்குரிய சொற்களை எழுதி வரவேண்டும் என்றேன். தோட்டக்காரப் பிள்ளைகள் துலாவையும் பட்டையையும், பாத்தியையும் வாய்க்காலையும் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊர் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்பெற்றது. அந்த வீட்டுப் பிள்ளை ஒருத்தி கொண்டுவந்த சொற்களைக் கேட்டு வகுப்பே கைதட்டியது. அவருடைய மகன் மட்டும் ஒன்றும் கொண்டுவரவில்லை. முந்திய தவணை 'என் தந்தை' என்ற கட்டுரையில் அவன் 'கூலி வேலை' என்று மாத்திரம் எழுதியிருந்தது எனக்கு நினைவிருந்தது. நானும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து என் மேசைமேல் கொப்பித் தாள் ஒன்று நான்காக மடித்துக் கிடந்தது. பெயர் இல்லை. இருபத்தாறு சொற்கள். பாளை, முட்டி, தளைநார், இயனக்கூடு, பிளா என்று எனக்குத் தெரிந்தவையும், பாளை தட்டும் முறைக்கும் கத்தியின் வகைக்கும் உரிய, பல்கலைக்கழகத்தில் நான் ஒருநாளும் கேட்டிராத சொற்களும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே பொருள். சில இடங்களில் பொருளைத் திருத்தி வேறொரு கை எழுதியிருந்தது. பென்சிலால், பெரிய பெரிய எழுத்துகளில்.