வளர்ந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்

உங்களில் இந்துப் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளைகளும் நிறையப் பேர். டீச்சர் சபை விஷயம் எழுதுகிறார்களே என்று தள்ளிவிடாதீர்கள். இது எல்லார் வீட்டிலும் நடக்கிற விஷயம்தான்.

ஆசிரியர் பயிற்சி முடித்து 1978-ல் வேலைக்குச் சேர்ந்து 2014-ல் ஓய்வு பெற்றேன். 36 வருஷம் நான் பார்த்த ஒரு காரியம் உண்டு. பதினாறாம் வாய்ப்பாடு வரை கடகடவென்று ஒப்புவிக்கும் பையனைக் கடைக்கு அனுப்பினால், மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கத் தெரியாது. "இவனுக்குக் கணக்கு வாயில்தான் இருக்கு, கையில் இல்லை" என்று பெற்றோரிடம் சொல்லுவேன். என் பக்தியும் அப்படித்தான் இருந்தது என்பது எனக்கே வெகு நாள் தெரியவில்லை.

ஓய்வு பெற்றபின் ஞாயிறு பள்ளியில் சின்ன வகுப்பு எடுக்கிறேன். காலை ஜெபம், வேத வாசிப்பு, உபவாசக் கூட்டம் எதையும் விட்டதில்லை. சங்கீதங்களில் பாதி மனப்பாடம். ஆவிக்குரிய வாழ்க்கையில் இனி எனக்கு என்ன பாக்கி என்ற எண்ணம் எனக்குள் இருந்தது உண்மை.

போன வருஷம் லெந்து நாட்களில் பிள்ளைகளுக்குப் பரமண்டல ஜெபத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். மன்னிப்பைப் பற்றிய இடம் வந்தது. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். முடித்ததும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர் ஆச்சி, அப்போ நீங்க ஏன் எங்க ஆச்சி வீட்டுக்கு வரமாட்டீங்க?" என்று கேட்டாள்.

அவள் என் ஓரகத்தியின் பேத்தி.

உறவினர்களுக்குக் கதை தெரியும். 2008-ல் பொதுக் கிணற்றில் யார் மோட்டார் வைப்பது என்று அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தகராறு. அன்று முதல் இரண்டு குடும்பமும் பேச்சை நிறுத்தியது. என் கணவர் 2016-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "அண்ணனுக்கு ஒரு போன் போடு" என்றார். "உங்களுக்கு முதலில் உடம்பு சரியாகட்டும்" என்று நான் தள்ளிப்போட்டேன். அந்தப் போனை நான் போடவே இல்லை. அவருடைய அண்ணனும் இரண்டு வருஷத்தில் போய்விட்டார். இன்று அந்தக் கிணற்றில் தண்ணீரும் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் தெருக்குழாய் தண்ணீர்தான்.

இத்தனை வருஷமும் நானும் அக்காவும் ஒரே ஆலயத்தில், ஒரே திருவிருந்து ஆராதனையில் கலந்துகொண்டோம். காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதை நான் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை நடத்தியிருக்கிறேன்!

அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் மணி அடித்துவிட்டேன். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். "இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்றார்கள். வேறு பேச்சில்லை. வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். மறு வாரமும் அப்படியே. மூன்றாம் தடவை, ஆஸ்பத்திரியில் அவர் போன் கேட்டதையும் நான் போடாமல் விட்டதையும் சொன்னேன். அக்கா வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உங்க மச்சானும் கடைசியில தம்பி தம்பின்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாவ" என்றார்கள். இருவரும் அழுதோம். காப்பி போட்டுத் தந்தார்கள். (அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

சபையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருஷக் கூட்டத்தில் குடும்பங்களின் எண்ணிக்கை, காணிக்கை வரவு, கோபுர வேலை எல்லாம் வாசிப்பார்கள். அதை வளர்ச்சி என்று கைதட்டுவோம். ஆனால் கமிட்டி தேர்தல் முடிந்தபின் அசனப் பந்தியில் இரண்டு கூட்டமாகத்தான் உட்காருவோம். கோபுரம் உயர்ந்தது, நாங்கள் உயரவில்லை.

நம் திருநெல்வேலிச் சபைகள் 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, இந்தியர் பணத்திலேயே தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பின. அதில் முன்நின்ற வேதநாயகம் அசரியா 1912-ல் பேராயரானார். அந்தக் காலத்துச் சபைகளில் பெரிய பணக்காரர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? என் ஆச்சி உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவாள். வீட்டில் கஞ்சி மட்டும் இருந்த நாளிலும் அந்தக் கைப்பிடி நின்றதில்லை. தனக்கு வெளியே இருப்பவனை நினைத்த சபை அது.

இப்போது சனிக்கிழமைதோறும் எங்கள் சபைப் பெண்கள் ஆலயத்துக்கு வர முடியாத முதியவர்களைப் பார்க்கப் போகிறோம். இரண்டிரண்டு பேராகப் போகவேண்டும். தேர்தலில் எதிரெதிராக நின்ற வீடுகளிலிருந்து ஒவ்வொருவர் என்பது அக்கா போட்ட சட்டம். முதல் வாரம் எட்டுப் பேர். இப்போது பதினான்கு பேர். சிலர் இன்னும் முகம் கொடுப்பதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் படுக்கையில் கிடக்கும் ஒரு தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது, எந்தக் கட்சி என்ற பேச்சு வருவதில்லை.

இந்நேரம் போதகராயிருக்க வேண்டியவர்கள் இன்னும் பால் குடிக்கிறீர்களே என்று எபிரெயருக்கு எழுதின நிருபம் கடிந்துகொள்கிறது. அறுபத்தெட்டு வயதில் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை எனக்கு அதைப் புரியவைத்தாள். நான் இன்னும் வகுப்பில்தான் இருக்கிறேன்.

பிள்ளைகளே, நீங்கள் தள்ளிப்போட்ட போன் ஏதாவது இருந்தால் இன்றைக்கே போடுங்கள். நான் போடாத ஒரு போன் பல வருஷமாக என் நெஞ்சில் இருக்கிறது.

ஜெபத்துடன்,
உங்கள் டீச்சர்