வயிறு நிறைவது வேறு

பிள்ளைகளே, மாடு வளர்க்க முன்வரும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தத் தீவனம் போட்டால் பால் கூடும்?" என்பதுதான். கால்நடை மருத்துவனாக நெடுங்காலம் தொழுவங்களில் நின்றவன் சொல்கிறேன்: அந்தக் கேள்வியைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். உங்கள் மாட்டுக்கு என்ன குறைகிறது என்று பார்க்க முதலில் பழகுங்கள். பசித்தால் மாடு கத்தும். சத்துக் குறைந்தால் கத்தாது. தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு வீடு. வைக்கோலுக்குப் பஞ்சமில்லை, கலப்பினப் பசுவுக்கு மூன்று வேளையும் வயிறார வைக்கோல் கிடைத்தது. ஆனால் அது சுவரை நக்கியது, கொடியில் காய்ந்த துணியை மென்றது, கிடந்த எலும்பைக் கடித்தது. கெட்ட பழக்கம் என்று வாய்க்கூடை கட்டிவிட்டார்கள். பருவத்துக்கு வந்தும் மறுபடி சினை நிற்கவில்லை. அந்தி நேரத்தில் கன்று தொழுவத்துக் கம்பத்தில் முட்டிக்கொண்டது. வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3, 4 பங்குதான். பாஸ்பரஸ் மிகக் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைக்கும். பசுந்தீவனமே காணாத தொழுவத்தில் பார்வைக்கு வேண்டிய வைட்டமின் ஏ எங்கிருந்து வரும்? தவிடு, பசும்புல், நாளுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை என்று தொடங்கினோம். கன்றின் பார்வை முதலில் திரும்பியது. பசு சினை பிடிக்க மாதங்கள் ஆயின. அந்த வீட்டு அம்மா ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை. கலவையை மறக்கவும் இல்லை. வயிறு நிறைவது வேறு, உடம்பு நிறைவது வேறு என்பதை அவரைப் போல் உணர்ந்தவர்கள் குறைவு.

வேறோர் ஊரில், விருந்தில் மிஞ்சிய சோற்றை ஆசையோடு மாட்டுத் தொட்டியில் கொட்டினார்கள். விடிவதற்குள் மாடு படுத்துவிட்டது; காப்பாற்ற முடியவில்லை. மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாரைச் செரித்துத் தருவதும், புரதமும் பி வைட்டமின்களும் ஆக்கித் தருவதும் அவைதாம். மாட்டுக்குத் தீவனம் வைப்பவர் முதலில் அவற்றுக்குத்தான் பரிமாறுகிறார். ஒரே நேரத்தில் மாவுச்சத்து குவிந்தால் வயிறு புளித்து, அதில் உண்டாகும் அமிலம் மாட்டையே கொல்லும். புதுத் தீவனம் எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாக, பத்துப் பதினைந்து நாளில் மாற்றுங்கள். அவசரக்காரர் கையில் நல்ல தீவனமும் நஞ்சுதான்.

என் மனத்தை அதிகம் அசைத்தது பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சில்லிட்டிருக்கும். நன்றாகக் கறக்கும் பசு, மூன்றாம் நான்காம் ஈற்றுக்குப் பின், கன்று போட்ட இரண்டொரு நாளில் எழ முடியாமல் கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் கிடக்கும். அதன் ரத்தத்தில் எந்நேரமும் ஓடும் சுண்ணாம்புச்சத்து சில கிராம்தான். ஒரு லிட்டர் பாலிலேயே 1 கிராமுக்கு மேல் போய்விடும். சீம்பாலில் ஏறக்குறைய இரு மடங்கு. கன்றுக்குக் கொடுத்துக் கொடுத்தே தாய் சாய்கிறது. நரம்பில் கால்சியம் மருந்து மெல்ல இறங்க இறங்க, கிடந்த பசு எழுந்து நிற்பதைப் பார்த்த வீடுகளில் அழாதவர் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பால் காய்ச்சல் வரக்கூடாதென்று நிறைசினையில் சுண்ணாம்புச்சத்தை அள்ளிக் கொடுத்தால், நோய் வரும் வாய்ப்பு கூடும். வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டிருக்கையில், எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேலையில் உடம்பு சுணங்கிவிடுகிறது. தேவையான நாளில் அதற்கு வேகம் வருவதில்லை. குறைவும் கேடு, மிகையும் கேடு. ஈனுவதற்கு முந்தைய வாரங்களில் என்ன கொடுப்பதென்று மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

அளவாகச் சத்துக் கிடைப்பதைக் காண, காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களை நேரில் போய்ப் பாருங்கள். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் நாரும் தெம்பும் தருகிறது; இடையே படரும் செப்புநெருஞ்சி போன்ற பயறு வகைப் பூண்டுகள் புரதம் தருகின்றன; கோடையில் புல் காய்ந்தால் வெள்வேல மரம் காய் உதிர்க்கிறது. மழை குறைந்த மண்ணில் காளைகளை வலுவாக வளர்த்த அந்த மக்களிடம் ஆய்வுக்கூடம் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பார்த்த பொறுமை இருந்தது. புல்லோடு பயறும் வேண்டும் என்ற அந்தக் கணக்கை நீங்களும் பின்பற்றலாம்: தீவனப்புல் போடும் வரப்பிலேயே வேலிமசாலும் அகத்தியும் வையுங்கள். சோளத்தை மட்டும் பூப்பதற்கு முன் வெட்டிப் போடாதீர்கள். இளம் பயிரிலும் வாடிய பயிரிலும் நஞ்சு உண்டு.

தண்ணீரைச் சத்தாக யாரும் எண்ணுவதில்லை. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தானே! கறவை மாடு நாளுக்கு 60 லிட்டர் வரை குடிக்கும், கோடையில் அதற்கு மேலும். காலையும் மாலையும் காட்டினால் போதாது. தொட்டியில் எந்நேரமும் இருக்க வேண்டும்.

இன்று மாலை தொழுவத்துக்குப் போய்ச் சற்று நேரம் நில்லுங்கள். மாடு சுவரை நக்கினாலோ, கன்று இருட்டில் தடுமாறினாலோ, நாளைக் காலையே கால்நடை மருந்தகத்துக்குப் போய் விவரம் சொல்லுங்கள். அடுத்த வாரம் என்று தள்ளிப் போடாதீர்கள்.