ஏ பக்கம் முடிந்த பிறகும்...

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் இந்த மூன்று நாளும் காலை ஆறு மணிக்கு அந்தத் தெருவில் ஒரு கார் கிளம்பும். 2003-ம் வருட மாடல். தஞ்சை மாவட்டம் பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போகும். சுமார் 25 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால், ஓட்டுபவர் நிதானமாகப் போவார். முக்கால் மணி நேரம் ஆகும்.

ஓட்டுபவருக்கு வயது 71. ஊருக்கு அவர் 'கணக்கு சார்'. பக்கத்து சீட்டில் அவர் மனைவி. ஊருக்கு அவர் 'டீச்சர்'. இருவரும் ஓய்வுபெற்றுப் பல வருடங்களாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட ஊரில் யாருக்கும் வாய் வந்ததில்லை.

டீச்சருக்குச் சிறுநீரகம் செயலிழந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். போகும்போது கால் வீக்கமும் மூச்சு இரைப்பும் இருக்கும். வரும்போது பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பார். தலைவலி, கெண்டைக்காலில் பிடிப்பு, பேச்சுக் கொடுத்தால் எரிச்சல். குடிக்கும் தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டிய வாழ்க்கை.

அந்த முக்கால் மணி நேரத்தைத் தாங்க வைத்தது ஒரு கேசட்.

1990-ல் பதிவு செய்தது. அப்போதெல்லாம் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் கடைகள் இருந்தன. காலி கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால், நான்கு நாள் கழித்துப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். மகன் கைக்குழந்தையாக இருந்த நாட்களில், நோட்டுத் தாளைக் கிழித்து டீச்சர் இருபது பாட்டுகளை எழுதிக் கொடுத்தார். ஏ பக்கத்துக்குப் பத்து, பி பக்கத்துக்குப் பத்து. பி.சுசீலா, பி.பி.ஸ்ரீனிவாஸ், எஸ்.பி.பி., ஜானகி எல்லாரும் அதில் உண்டு. சார் அதைக் கும்பகோணத்துக்கு எடுத்துப்போய் 90 நிமிட கேசட்டில் பதிவு செய்து வந்தார்.

அதில் ஒரு தப்பு நடந்துவிட்டது. ஏ பக்கத்தின் பத்தாவது பாட்டு, இரண்டாவது சரணத்தின் பாதியிலேயே 'டக்'கென்று நின்றுவிடும். டேப் அங்கே தீர்ந்துவிட்டது.

"கணக்கு வாத்தியார்தானே நீங்க? பத்து பாட்டு 45 நிமிஷத்துல அடங்குமான்னு கூட்டிப் பார்க்கத் தெரியலையா?" என்று டீச்சர் அன்றைக்குக் கேட்டது, அந்த வீட்டில் முப்பது வருடங்களுக்கு மேல் ஓடிய நகைச்சுவை. சண்டை வரும்போதெல்லாம் கடைசி ஆயுதமாக அதுதான் வெளியே வரும்.

காருக்கும் அந்தக் கேசட்டுக்கும் கணக்கு சரியாகப் பொருந்தியது. தஞ்சாவூர் போகும்போது ஏ பக்கம். வெண்ணாற்றுப் பாலத்தை நெருங்கி, பள்ளியக்ரஹாரம் வரும்போது அந்தப் பத்தாவது பாட்டு அறுபட்டு நிற்கும். திரும்பும்போது பி பக்கம். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மடியில் தாளம் போட்டபடியே வருவார்.

போன ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, அய்யம்பேட்டையைத் தாண்டியதும் பாட்டு இழுத்தது. சுசீலாவின் குரல் ஆண் குரலாக மாறியது. பிறகு சத்தமே இல்லை. சார் வண்டியை ஓரம்கட்டி கேசட்டை வெளியே எடுத்தார். கூடவே கசங்கிப்போன டேப்பும் இடியாப்பம் மாதிரி வந்தது. பாதி உள்ளேயே சிக்கி அறுந்துபோனது.

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்தடுத்த பயணங்கள் மௌனமாகவே நடந்தன. எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை ராத்திரி மாத்திரை கொடுக்கும்போது டீச்சர் கேட்டார்: "நாளைக்குப் போகாட்டி என்னங்க?"

"ஏன், முடியலையா?"

"நாளைக்கு மட்டும் இல்ல. இனிமே போகாட்டி என்ன ஆயிடும்னு கேட்டேன்."

சாருக்கு அன்று தூக்கம் வரவில்லை. டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியிருந்தார். கேசட் போனதற்காக ஒருத்தி உயிரை வெறுப்பாளா என்று அவர் நினைக்கவில்லை. ஆனால், சுமை ஏற்றிய வண்டிக்குக் கடைசியாக வைக்கும் ஒரு கட்டுதான் அச்சை முறிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒரு கட்டையாவது இறக்கிவைக்க முடியுமா என்று யோசித்தார்.

பெங்களூரில் இருக்கும் மகனிடம் போனில் சொன்னார்.

"இது ஒரு விஷயமாப்பா? டச் ஸ்க்ரீன் செட் ஆர்டர் பண்றேன். ப்ளூடூத், மேப், ரிவர்ஸ் கேமரா எல்லாம் வரும்" என்றான் மகன்.

டீச்சரிடம் கேட்டதற்கு, "கண்ணு முன்னாடி டி.வி வேற வேணுமா? ஆஸ்பத்திரியில பார்க்கிற மெஷின் ஸ்க்ரீன் போதாதா?" என்றார். அதோடு, அந்தக் காரில் ஸ்டீரியோ டாஷ்போர்டோடு சேர்ந்து வளைவாக வடிவமைக்கப்பட்டது. கடையில் விற்கும் செட் அந்த இடத்தில் நேராக உட்காராது. அதற்கென்று தனி ஃபிரேம் தேட வேண்டும். வேண்டாம் என்று சார் சொன்னதும், "உங்களுக்கு நான் எது வாங்கிக் குடுத்தாலும் வேணாம்தான்" என்று மகன் போனை வைத்துவிட்டான்.

சார் தானே சில வழிகளை முயன்று பார்த்தார். முதலில் சிகரெட் லைட்டரில் சொருகும் எஃப்.எம் டிரான்ஸ்மிட்டர். போனில் ஓடும் பாட்டை அது சின்ன ரேடியோ நிலையம் மாதிரி ஒலிபரப்பும். கார் ரேடியோவை அதே அலைவரிசையில் வைத்தால் பாட்டு கேட்கும். ஊருக்குள் நன்றாகத்தான் இருந்தது. தஞ்சாவூரை நெருங்க நெருங்க வேறு நிலையங்கள் குறுக்கே வந்து 'கர்ர்' என்று இரைந்தது. டீச்சரின் தலைவலிக்கு அது இன்னும் மோசம்.

அடுத்தது கேசட் அடாப்டர். கேசட் வடிவத்திலேயே இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் போனுக்கு வரும். உள்ளே இருக்கும் சின்ன காந்தத் தலை, பிளேயரின் ஹெட்டோடு ஒட்டி நின்று பாட்டைக் கடத்தும். நல்ல யோசனைதான். ஆனால், அவர் வாங்கியதன் உள்ளே இருந்த பல்சக்கரங்கள் 'கடகட'வென்று அரைத்தன. இரண்டே நாளில் வேலை செய்யாமல் போனது.

கடைசியில் யாரோ சொல்லி, கும்பகோணத்தில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கைத் தேடிப் போனார். எல்லோருக்கும் அவர் 'பாய்'. அறுபது வயது இருக்கும். கடை முழுக்க எல்.இ.டி டி.வி போர்டுகள். மூலையில் மட்டும் நான்கைந்து டேப் ரிக்கார்டர்கள் தூசியோடு இருந்தன.

"டேப்பை ரிப்பேர் பண்ணணுமா சார்?"

"டேப் வேணாம் பாய். இந்த செட்டுலயே போன்ல இருந்து பாட்டு வரணும். வெளியில பார்க்க எதுவும் மாறக்கூடாது."

பாய் சிரித்தார். "செட்டுக்கு ஒரு வாசல் வைக்கணும். அவ்வளவுதானே?"

பேட்டரி வயரைக் கழற்றும் முன் பாய் ஒரு கேள்வி கேட்டார்: "இதுக்கு கோட் இருக்கா சார்?" சில கார்களில் கம்பெனி ஸ்டீரியோவுக்குக் கரன்ட் நின்று மறுபடி வந்தால், திருட்டுப் பயத்துக்காக வைத்த ரகசிய எண்ணைக் கேட்குமாம். எண் தெரியாவிட்டால் செட் பேசாது. சார் காரின் கையேட்டைத் தேடி எடுத்துக் காட்டினார். அந்தக் காருக்கு அப்படி எதுவும் இல்லை.

பிளாஸ்டிக் பட்டையால் டாஷ்போர்டு மூடியை நெம்பி, நான்கு ஸ்குரூவைக் கழற்றி, செட்டை வெளியே இழுத்து மேஜையில் வைத்தார் பாய். மேல் தகட்டைத் திறந்ததும் சார் எட்டிப் பார்த்தார். கணக்கு வாத்தியாருக்கே உரிய ஆர்வம். பாய் விளக்கிக்கொண்டே வேலை பார்த்தார்.

டேப்பிலிருந்து ஹெட் எடுக்கும் சிக்னல் மிக மிகச் சின்னது. ஒரு மில்லிவோல்ட்கூட இருக்காது. அதைப் பெரிதாக்க ப்ரீ-ஆம்ப் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே பெரிதான பிறகுதான் அது வால்யூம் பகுதிக்குப் போகும். போனிலிருந்து வரும் சிக்னல் ஏற்கெனவே பெரிது. அதை ஹெட் இருக்கும் இடத்திலேயே கொடுத்தால் சத்தம் கிழிந்துவிடும். ப்ரீ-ஆம்புக்கும் வால்யூமுக்கும் நடுவில் கொடுக்க வேண்டும்.

"ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைக்குப் பக்கத்துல பத்தாம் கிளாஸ் பையனை உட்கார வெச்சுப் பாடம் நடத்தினா எப்படி இருக்கும்? அதுமாதிரிதான் சார்" என்றார் பாய்.

அந்த இடத்தில் இடது, வலது என இரண்டு பாதைகள். பாய் மீட்டர் வைத்துப் பார்த்தார். அங்கே கொஞ்சம் டி.சி வோல்டேஜ் இருந்தது. அது போனுக்குள் போகக் கூடாது என்று ஒவ்வொரு பாதையிலும் ஒரு கெப்பாசிட்டரை வைத்தார். பாட்டு போகும், டி.சி போகாது. இரைச்சல் ஏறாமல் இருக்க, மேலே வலை சுற்றிய ஷீல்டு வயர். அதன் முனையில் போனின் ஹெட்போன் வயர் சொருகும் 3.5 மில்லிமீட்டர் ஜாக். அது சாதாரண ஜாக் இல்லை. பின் சொருகினால் டேப் பாதை துண்டிக்கப்பட்டு போன் பேசும். பின்னை எடுத்தால் பழையபடி டேப் பேசும்.

"ஆனா ஒண்ணு சார். உள்ளே கேசட் ஓடினாத்தான் செட்டு 'டேப்' நிலைக்கே வரும். அப்பத்தான் இந்த வாசல் திறக்கும். ஒரு காலி கேசட் போடணும். டேப் இருந்தா மறுபடியும் சிக்கும். டேப்பை உருவிட்டு வெறும் கூட்டைப் போட்டா சக்கரம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். வீட்டுல பழைய கேசட் ஏதாச்சும் இருக்கா?"

சார் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். டீச்சரின் கையெழுத்தில் லேபிள் ஒட்டிய, டேப் அறுந்த அதே கேசட். எதற்காக அன்று அதைக் கொண்டு போனார் என்று அவருக்கே தெரியாது. பாய் ஐந்து ஸ்குரூவையும் கழற்றி, மிச்சமிருந்த டேப்பை எடுத்துவிட்டு, லேபிள் கிழியாமல் திரும்ப மூடிக் கொடுத்தார். எல்லா வேலைக்கும் சேர்த்து 600 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சார் மகனைக் கூப்பிட்டார். "அம்மாவோட பாட்டு லிஸ்ட் என்கிட்ட இருக்கு. நான் படிக்கிறேன், நீ என் போன்ல ஏத்தித் தர்றியா?"

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "படிங்கப்பா" என்றான். இருபது பாட்டும் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. "இது எந்தப் படம்? இதை யார் பாடினது?" என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்தான். நெட் இல்லாமலும் ஓடும்படி போனிலேயே இறக்கிவைக்கவும் சொல்லிக்கொடுத்தான். அப்பாவும் பிள்ளையும் அவ்வளவு நேரம் போனில் பேசி வருடங்கள் ஆகியிருந்தன.

அந்தச் செவ்வாய்க்கிழமை கார் கிளம்பியதும், சார் கேசட்டை உள்ளே தள்ளினார். 'க்ளக்' என்ற பழைய சத்தம். டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"அது அறுந்துபோச்சே?"

"பாருங்க டீச்சர்."

பாட்டு வந்தது. ஆனால், கூடவே எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு மெல்லிய ஊளையும் வந்தது. போன் சார்ஜரில் இருந்ததுதான் காரணம். சார்ஜர் வழியாக ஒன்று, ஜாக் வழியாக ஒன்று என இரண்டு எர்த் பாதைகள் சேர்ந்தால் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் பாட்டுக்குள் நுழைந்துவிடும் என்று பாய் எச்சரித்திருந்தார். அதைத் தடுக்கத் தனியாக ஒரு ஐசொலேட்டர் கிடைக்கிறது. சார் சார்ஜரைப் பிடுங்கினார். ஊளை நின்றது. முதல் நாள் ராத்திரியே சார்ஜ் போட்டுக்கொண்டால் போதும்.

இரண்டாவது பாட்டில் டீச்சர் புருவத்தைச் சுருக்கினார். "இது ஆறாவதா இல்ல வரணும்?"

போன் பாட்டுகளைத் தன் இஷ்டத்துக்குக் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. சார் வண்டியை ஓரம்கட்டி, மகனுக்கு போன் போட்டு, அதை நிறுத்தும் விதத்தைக் கேட்டு வரிசையைச் சரிசெய்தார். ஒன்று, இரண்டு, மூன்று. டீச்சரின் விரல் மடியில் தாளம் போட ஆரம்பித்தது.

அய்யம்பேட்டை தாண்டியது. பசுபதிகோயில் தாண்டியது. பள்ளியக்ரஹாரம் வரும்போது பத்தாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முதல் சரணம் முடிந்து இரண்டாவது ஆரம்பித்தது. வழக்கமாக அறுபடும் வார்த்தை வந்தது. டீச்சரின் விரல் பழக்கத்தில் தானாக நின்றது.

பாட்டு நிற்கவில்லை. சரணம் முழுதாகப் போனது. பல்லவி திரும்ப வந்தது. வெண்ணாற்றுப் பாலத்தின் மேல் கார் ஏறியபோதும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சர் கண்ணைத் திறந்து, கணவரைப் பார்த்தார். பல வாரங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு.

"பரவாயில்லையே... இப்பத்தான் கூட்டக் கத்துக்கிட்டீங்க" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "வரும்போது பி பக்கம் போடுங்க. மறந்துடாதீங்க" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. கேசட்டின் சக்கரங்கள் உள்ளே இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.