ஓடாத மனிசன்

இப்பவெல்லாம் மட்ச் முடிஞ்சதும் ஒவ்வொரு வீரரும் எத்தனை கிலோமீற்றர் ஓடினார் எண்டு திரையில காட்டுறாங்கள். அந்தக் கணக்கில பார்த்தால் ஆர்ஜென்டீனாவின் ஹுவான் ரோமன் ரிகெல்மே ஒரு சோம்பேறி. அவர் ஆடின காலத்திலயே அப்படிச் சொன்னவங்கள் இருந்தாங்கள். எனக்கோ, பார்த்த நடுக்கள வீரர்களில அவரைப்போல பிடிச்ச ஒருத்தர் இல்லை.

1978 இல் புவனோஸ் ஐரஸ் மாகாணத்தில, பிள்ளைகள் நிறைஞ்ச ஏழைக் குடும்பம் ஒன்றில பிறந்தவர். ஆர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் கழகத்தின் இளையோர் அணியில வளர்ந்து, 1996 இல் போகா ஜூனியர்ஸுக்காக முதல் ஆட்டம் ஆடினார். அவர் ஆடின இடத்துக்கு அவங்கட நாட்டில ‘எங்காஞ்சே’ எண்டு பெயர். கொழுவி எண்டு சொல்லலாம். நடுக்களத்தையும் முன்வரிசையையும் கொழுவி வைக்கிற ஆள். பந்து காலுக்கு வந்தால் உள்ளங்காலால அமத்திப் பிடிப்பார். எதிரணிக்காரனை முதுகால மறிச்சுக்கொண்டு நிற்பார். மற்றவங்கள் ஓடி ஓடி ஓர் இடைவெளி திறக்கும்வரை பந்து அவரை விட்டுப் போகாது. திறந்த அந்த நொடியில போயிருக்கும்.

2000 நவம்பரில டோக்கியோவில, கண்டங்களுக்கிடையிலான கிண்ணத்துக்காக போகா ரியல் மட்ரிட்டை எதிர்கொண்டது. பலேர்மோ ஆறு நிமிடத்துக்குள்ள இரண்டு கோல் போட்டார். இரண்டாவதுக்குப் பந்து ரிகெல்மேயின்ர நீண்ட பாஸிலிருந்து வந்தது. 2-1 எண்டு போகா வென்றது. மிச்ச நேரமெல்லாம் பந்தை அவரிட்ட இருந்து பறிக்க மட்ரிட் பட்ட பாட்டைப் பார்க்கவேணும்!

2002 இல் பார்சிலோனா வாங்கியது. அங்க பயிற்றுவிப்பாளர் வான் ஹால் அவரை ஓரத்தில விட்டார். நடுவில நின்று ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிற ஒருத்தரை ஓரக்கோட்டில நிப்பாட்டினால் என்ன நடக்கும்? ஒரு பருவத்தோட வில்லாரியலுக்குப் போனார். ஐம்பதாயிரம் பேர் மட்டில வாழுற சின்ன ஊர். பயிற்றுவிப்பாளர் பெய்யெக்ரினி அவரைச் சுற்றியே அணியைக் கட்டினார். 2006 இல் அந்த ஊர் சம்பியன்ஸ் லீக் அரையிறுதிவரை வந்தது.

அங்கதான் அந்த பெனால்டி. ஆர்சனலுக்கு எதிரான இரண்டாவது ஆட்டம் முடியுறதுக்குச் சில நிமிடம். கோல் போட்டிருந்தால் மேலதிக நேரம். ரிகெல்மே அடிச்சதை ஜேர்மன் கோல் காப்பாளர் லேமன் தடுத்துவிட்டார்.

இரண்டு மாதத்தில பெர்லின். உலகக் கிண்ணக் காலிறுதி, எதிரணி ஜேர்மனி. ரிகெல்மேயின்ர கோர்னரில அயாலா தலையால முட்டி முதல் கோல். 72 ஆவது நிமிடத்தில பயிற்றுவிப்பாளர் பெக்கர்மான் ரிகெல்மேயை வெளியில எடுத்து கம்பியாஸோவை இறக்கினார். முன்னிலையைக் காப்பாற்ற ஓடக்கூடிய ஆள் தேவை எண்ட கணக்கு. 80 இல் க்ளோஸ சமப்படுத்தினார். பெனால்டியில ஆர்ஜென்டீனா தோற்றது. கடைசியா அடிச்சது கம்பியாஸோ. தடுத்தது அதே லேமன்.

ரிகெல்மே மீதான விமர்சனம் பொய் எண்டு நான் சொல்லமாட்டன். அவருக்காக இரண்டு மூன்று பேர் கூடுதலா ஓடவேண்டியிருந்தது. அவர் சோர்ந்துபோற நாளில அணியே நின்றுவிடும். ஆனா பெர்லினில அவர் போனபிறகு நடந்ததையும் பாருங்கோ. பந்தை வச்சிருக்க ஆளில்லை. ஓடினாங்கள், நல்லா ஓடினாங்கள், பந்துக்குப் பின்னால.

எங்களையும் சின்ன வயசிலயிருந்து ‘கெதியா, கெதியா’ எண்டுதானே வளர்த்தாங்கள். முதலில கை உயர்த்துறவன் கெட்டிக்காரன், யோசிச்சுக்கொண்டிருக்கிறவன் மந்தம். அப்படி வளர்ந்த எனக்கு, எண்பதாயிரம் பேர் கத்துற மைதானத்தில ஒருத்தர் அவசரப்பட மறுத்து நிற்கிறது பெரிய துணிச்சலாத் தெரியுது. அந்த நிற்பில அவர் வேலை செய்துகொண்டிருக்கிறார். அது கிலோமீற்றரில வராது.

2007 இல் போகாவுக்குத் திரும்பினார். அந்த வருசம் லிபர்டடோரஸ் கிண்ண இறுதியில, இரண்டு ஆட்டத்திலயுமாகக் கிரேமியோவை 5-0 எண்டு வென்றாங்கள். அதில மூன்று கோல் ரிகெல்மேயின்ரது. அடுத்த வருசம் பெய்ஜிங்கில ஒலிம்பிக் தங்கம். 2023 டிசம்பரில போகாவின் தலைவராகவே தெரிவானார்.

ஆனா எனக்குப் பிடிச்சது 2014. முப்பத்தாறு வயசில, தன்னை வளர்த்த ஆர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸுக்காக இரண்டாம் பிரிவில இறங்கி ஆடினார். வருச முடிவில கழகம் முதற்பிரிவுக்கு ஏறியது. அடுத்த மாதம் ஓய்வை அறிவிச்சார். அந்தக் கடைசிக்கால வீடியோக்கள் யூரியூப்பில இருக்கு. முன்னையைவிட மெதுவாத்தான் நடக்கிறார். பந்தை இன்னும் ஒருத்தராலயும் பறிக்கேலாமல் இருக்கு.