நடந்து வருபவர்களுக்கான கடை

சென்னை அண்ணா நகரிலோ பெசன்ட் நகரிலோ குடியிருப்புத் தெருவில் ஒரு கஃபே வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினால் குடியிருப்போர் நலச் சங்கத்தில் எதிர்ப்பும் கிளம்பிவிடும். வாசலை அடைத்து நிற்கும் கார்கள், இரவு வெகுநேரம் ஓயாத பேச்சுச் சத்தம், ஜெனரேட்டர், சமையலறைப் புகை என்று அடுக்கப்படும் குறைகளில் ஒன்றைக்கூட அற்பம் என்று தள்ள முடியாது. ஆனால் தெருமுனை டீக்கடையிலும் விடியுமுன்பே பாய்லர் கொதிக்கிறது, பத்துப் பேர் நின்று அரசியல் பேசுகிறார்கள். அதன்மேல் இவ்வளவு கோபம் வருவதில்லை. காரணம் எளியது. டீக்கடைக்குப் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஆட்கள் நடந்து வருகிறார்கள். பெரிய கஃபேக்கு ஊரின் மறுகோடியிலிருந்து காரில் வருகிறார்கள். தெருவைத் திணறடிப்பது காபி விற்பனை அல்ல, கடையின் அளவும் நேரமும்தான் என்பது என் கருத்து. பன்னிரண்டு நாற்காலி போட்டு இரவு ஒன்பதுக்கு மூடும் கடையையும், நூறு பேர் அமரும் கடையையும் ஒரே தட்டில் வைத்து வேண்டும், வேண்டாம் என்று கை தூக்கச் சொல்வது தவறு.

வீடும் கடையும் கலந்த தெரு நமக்குப் புதிதல்ல. 2008-இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டமே முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு என்று இரண்டு வகை வைத்திருக்கிறது. சத்தத்துக்கும் அளவுகோல் உண்டு: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல். கடை இருப்பதால் தெருவுக்குக் கிடைக்கும் பாதுகாப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். நியூயார்க்கில் தான் குடியிருந்த ஹட்சன் தெருவை வைத்து, நகர வாழ்வைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் சொன்னது அதைத்தான்: கடைக்காரரும் வாடிக்கையாளரும் போக வர இருக்கும் தெருவை எப்போதும் யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இருட்டிய பின் வேலை முடிந்து தனியாக வீடு திரும்பும் பெண்ணுக்கு, விளக்கெரியும் ஒரு கடை சிறிய விஷயமல்ல.

சிறிதாகத் தொடங்குபவர் நாளை மாடியையும் பிடித்துக்கொள்வார், அப்போது யார் தட்டிக்கேட்பது என்பார்கள். அந்த அச்சத்துக்கு அனுபவம் சார்ந்த காரணம் இருக்கிறது. விதி மீறல்களைக் கண்டும் காணாமல் விடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அதனால்தான் இருக்கை எண்ணிக்கையும் மூடும் நேரமும் அனுமதியிலேயே எழுதப்பட வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது அக்கம்பக்கத்தாரின் புகார்களைப் பார்த்தே புதுப்பிக்க வேண்டும் என்கிறேன். கடை வந்தால் தெருவில் வாடகை ஏறும் என்ற கவலையும் உண்டு; அதற்கு இந்த நிபந்தனைகள் முழு மருந்தாகாது. அதனால் அனுமதிக்கு முன் கருத்துக் கேட்கும்போது சொந்த வீட்டுக்காரர்களோடு நிறுத்திவிடாமல், அதே தெருவில் வாடகைக்கு இருப்பவர்களையும், அங்கே வீட்டுவேலைக்கு வருபவர்களையும் கேட்க வேண்டும்.