வாற காற்றுக்குக் கட்டிய பாய்

சென்ற ஆண்டு சோழகக் காலத்தில் பாடசாலை விடுமுறை விட்டிருந்த நேரம், கற்பிட்டியிலிருந்து ராத்தாவின் மகன் தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போறார். அவரிட்ட ரெண்டு செட் விண்ட்ஃபொயில் இருக்கு. ஒண்டைக் குறைஞ்ச விலைக்குத் தாறன் எண்டு சொல்றார். எதை எடுக்கட்டும்?"

ஆலோசனையோடு கொஞ்சம் கடனும் கேட்டான். கடலில் காற்றாடிச் சறுக்கு பழக்கும் இடமொன்றில் அவன் உதவியாளன். தகப்பன் இல்லாத பிள்ளை. ராத்தாவுக்கு ஒரே மகன். பணத்தைக் கொடுப்பதற்கு முன் பொருளைப் பார்க்க வேண்டும் என்று முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறினேன்.

வாசகர்களில் பலர் இந்தச் சாமானைக் கண்டிருக்க மாட்டார்கள். ஒரு பலகை. அதன் மேல் கையால் பிடித்து ஆளும் பாய். பலகைக்குக் கீழே ஆள் இடுப்பளவு நீளத்தில் ஒரு தண்டு; தண்டின் அடியில் விமானத்துக்கு இருப்பதுபோல முன்சிறகும் பின்சிறகும். வேகம் பிடித்ததும் சிறகு பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டி. மார்செய் கடலில் நடந்தது. ஆண்களுக்கு 9 சதுர மீற்றர் பாய், பெண்களுக்கு 8.

மருமகனின் மனத்தில் அந்த ஒன்பதுதான் நின்றது. முதல் செட்டில் 6.5 சதுர மீற்றர் பாயும் 1400 சதுர சென்ரிமீற்றர் முன்சிறகும் இருந்தன. இரண்டாவதில் பாய் 4.5, சிறகு 800. "பெரிசை எடுத்தா எல்லாக் காத்துக்கும் ஓடலாம் மாமா" என்றான். அவன் ஓட நினைத்தது கண்டக்குழிப் பக்கமிருந்து வடக்கே, சோழகத்தை முதுகில் வாங்கிக்கொண்டு, அலையோடு அலையாக.

எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்தது. வாப்பா வயல்காரர். கடல் அவருக்குப் பிந்தி வந்த தொழில். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. நீராவிப்பிட்டி வயலை விட்டு வந்தவர், கற்பிட்டியில் ஓலைக் குடிசையில் இருந்துகொண்டு ஒரு சம்மாட்டியின் பாய் வள்ளத்தில் கூலிக்குப் போனார். ஒரு சோழகத்தில், புதிதாகத் தைத்த பெரிய பாயைக் கட்டிக்கொண்டு பத்தலங்குண்டுத் தீவுப் பக்கம் போனார்கள். "போகக்குள்ள காத்தே இல்லாத மாதிரி இருந்திச்சு" என்று பின்னாளில் சொல்வார். அணியத்தைத் தெற்கே திருப்பியபோதுதான் காற்று எவ்வளவு என்று தெரிந்தது. வள்ளம் சரிந்தது. பாயை இறக்கித் தீவில் ஒதுங்கிவிட்டார்கள். மறுநாள் மஃரிபுக்குத்தான் வீடு வந்தார். அந்த இரவு முழுவதும் உம்மா தொழுகைப் பாயைச் சுருட்டவில்லை.

"போற காத்துக்குப் பாய் கட்டாதே மகன், வாற காத்துக்குக் கட்டு." வாப்பா அடிக்கடி சொன்னது இதுதான். கணக்கு வாத்தியாரான பிறகே அதன் கணக்கு எனக்கு விளங்கியது.

மணலில் குச்சியால் எழுதி மருமகனுக்குக் காட்டினேன். காற்று மணிக்கு 20 கடல்மைல் என்று வை. அதோடு சேர்ந்து நீ 14இல் ஓடினால் உன் முதுகில் படுவது 6தான். ஒரு தேவைக்குத் திரும்பி, காற்றுக்கு எதிர்ச் சாய்வில் 10இல் வந்தால் உன்மேல் படுவது ஏறக்குறைய 28. காற்றின் தள்ளு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே அது நாலைந்து மடங்கு அல்ல, இருபது மடங்குக்கும் மேல். பாயின் அளவை இந்த 28ஐப் பார்த்துத் தீர்மானி.

சிறகுக்கும் அதே கணக்குத்தான். பின்னாலிருந்து அலை தள்ளும்போது வேகம் கூடும். வேகம் கூடக் கூடச் சிறகின் தூக்கும் வர்க்கமாய்க் கூடும். பெரிய சிறகு தண்ணீரை விட்டே வெளியே வந்துவிடும். வந்தால் பிடி போய்ப் பலகை தலைகுப்புற விழும். அலையே பாதி வேலையைச் செய்வதால் சிறியது போதும்.

தண்டு நீளமாக இருக்கட்டும் என்று அவனே சொன்னான். அலையின் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் சிறகு வெளியே தெரியாமல் இருக்க நீளம் வேண்டும். ஆனால் களப்பின் ஆழமற்ற தண்ணீரில் அதே நீளம் தரை தட்டும். சிறகுகளை இணைக்கும் கட்டையும் நீளமாக இருந்தால் பலகை முன்னும் பின்னும் ஆடுவது குறையும். பலகையில் மட்டும் நான் பெரியதன் பக்கம் நின்றேன். அவன் எடை 62 கிலோ. காற்று விழுந்துவிட்டால் அதன்மேல் ஏறி நின்று பாயைத் தூக்க, எடையைவிட முப்பது லீற்றராவது கூடிய மிதப்பு வேண்டும்.

"ஒலிம்பிக்கில ஒன்பது பிடிக்கிறாங்களே" என்றான் கடைசியாக.

"அங்க மிதவையைச் சுத்தி ஓடுறாங்க மகன். பக்கத்தில மீட்புப் படகு நிக்கும். உன்ர பக்கத்தில யார்?"

அவன் பேசவில்லை. அன்றிரவு சிறிய செட்டையே எடுத்தான். மிஞ்சிய காசுக்கு மிதவை அங்கியும் ஒரு விசிலும் வாங்கினான்.

அடுத்த நாள் அஸர் தொழுதுவிட்டு, அவன் கரையேறுவதாகச் சொன்ன இடத்தில் முச்சக்கர வண்டியோடு நானும் ராத்தாவும் நின்றோம். நீர்மட்டத்துக்கு மேலே பறவைபோல வந்தான். இடையில் ஒருமுறை விழுந்து, பலகையில் ஏறி, பாயைத் தூக்கி மறுபடி வந்தான். ராத்தா அதுவரை வாய் திறக்கவில்லை.

ஊர் திரும்பி வகுப்பில் இதைச் சொன்னபோது, ஒரு பையன் முல்லைத்தீவுக் கடலிலும் இப்படி ஓடலாமா என்று கேட்டான். கரும்பலகையில் கரையை வரைந்தேன். கற்பிட்டியில் சோழகம் கடலிலிருந்து கரையோரமாக அடிக்கிறது. விழுந்தவனை மெல்லக் கரைக்குத் தள்ளும். நமது கரை வடகிழக்கைப் பார்த்தது. இங்கே அதே சோழகம் தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. முதுகில் வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு முன்னால் கரையே இல்லை.

"அப்ப எந்த அளவு சிறகு சேர்?"

"அந்த மாதத்தில், இந்தக் கரையில், எந்தச் சிறகும் இல்லை" என்றேன். பையன் கொப்பியில் அதையும் எழுதிக்கொண்டான்.