ஹார்பர் ஆட்களின் மைதானம்

கொச்சிக்கடையில் பிறந்து வளர்ந்த ஒருவன், ஒரே ஒரு முறை உட்புகுந்து பார்த்த ஒரு லண்டன் மைதானத்தின்மேல் பிரேமை கொண்டிருக்கிறான் என்றால் நகைப்பவர்கள் நகைக்கட்டும். அதற்குப் பொறுப்பாளி நானல்ல, என் தகப்பனார். கொழும்புத் துறைமுகத்தில் கணக்கெழுதிய அவர், சனிக்கிழமை இரவுகளில் பிபிசி வானொலியைக் காதோடு அணைத்துக்கொண்டு, இங்கிலாந்தின் உதைபந்தாட்ட முடிவுகளை ஜாதக பலன் கேட்பவரைப் போலக் கேட்பார். வெஸ்ட் ஹாம் என்னும் கழகம் 1895இல் தேம்ஸ் நதிக்கரையில் கப்பல் கட்டிய தொழிலாளரின் ஆட்டக் குழுவாக ஜனித்ததென்றும், அதன் சின்னத்திலுள்ள இரு சுத்தியல்களும் கப்பல் தகட்டில் ஆணியறைந்த சுத்தியல்களே என்றும் எந்த மாலுமி அவருக்குச் சொன்னானோ, "இது ஹார்பர் ஆட்கள்ட டீம்" என்று அதைச் சொந்தமாக்கிக்கொண்டுவிட்டார். 1980இல், இரண்டாம் பிரிவில் கிடந்த அந்தக் கழகம் ஆர்சனலை வீழ்த்தி எஃப்.ஏ. கிண்ணத்தை எடுத்த இரவில், எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் பிளேன்டீ அவர் செலவில்.

2015இல் ஈஸ்ட் ஹாமிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அத்தான் ஒரு சனிக்கிழமை என்னை அந்தக் கழகத்தின் மைதானத்துக்கு அழைத்துச் சென்றார். அடுத்த ரயில் நிலையமே அப்டன் பார்க்; அங்கிறங்கி கிறீன் ஸ்ட்ரீட் வழியே நடந்தால், சேலைக் கடைகளும் நகைக் கடைகளும், முருங்கைக்காய் விற்கும் சந்தையும் என்று கொழும்புச் செட்டியார் தெருவின் ஒரு துண்டை யாரோ குளிருக்குள் கொண்டுபோய் வைத்தது போலிருந்தது. வழியில் நம்மவர் கடையொன்றில், கருஞ்சிவப்பும் வானீலமும் கலந்த கழுத்துத்துணி அணிந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், வரிசையில் எங்களுக்கு முன்னே நின்று இரண்டு மட்டன் ரோல்ஸ் வாங்கி, ஒன்றைக் கடித்தபடியே மற்றதைக் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். "அது இடைவேளைக்கு" என்றார் அத்தான். வருஷக்கணக்காக அவருக்கு அதுதான் வழக்கமாம்.

கடைகளும் வீடுகளும் விலகிக்கொண்ட ஓரிடத்தில், ஒரு மாதா கோயிலின் பக்கத்திலேயே, 1904 முதல் அந்தக் கழகம் ஆடிவந்த மைதானம் நின்றது. ஏறக்குறைய 35,000 பேர் கொள்ளும் அரங்கு தெருவில் நிற்பவனுக்கு முழுதாகத் தெரியாது. உள்ளேயோ, முன்வரிசைக்காரன் கை நீட்டினால் பந்தெறிய வருபவனின் சட்டையைத் தொட்டுவிடலாம் என்னும் அந்நியோன்னியம்.

மறு வருஷமே, 2012 ஒலிம்பிக்குக்காக ஸ்ட்ராட்போர்டில் கட்டிய பேரரங்குக்குக் கழகம் குடிபெயர்ந்தது. 2016 மே 10ஆம் திகதி பழைய மைதானத்தில் நடந்த கடைசி ஆட்டம், வந்திறங்கிய மன்செஸ்டர் யுனைட்டட் வீரர்களின் பஸ்ஸைக் கூட்டம் மறித்துப் போத்தல் எறிந்த அடாத காரியத்தால் முக்கால் மணி நேரம் தாமதமாக, இங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குத் தொடங்க, 3-2 என்று வெற்றி கண்டபின் நான் தொலைக்காட்சியை அணைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

புதிய அரங்கில் இருக்கைகள் அதிகம், வருமானம் அதிகம் என்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலை, வாகனம் நிறுத்த வசதியில்லை என்ற நியாயத்தின்மேல் ஊருக்கு வெளியே ஒரு திடலுக்குக் கொண்டுபோனால், செவ்வாய்க்கிழமை தோறும் சமய பேதமின்றி வருகிற ஜனங்கள் மெழுகுதிரிக்காரியிடம் பேரம் பேசி, கடலைச்சுருளைக் கையில் பிடித்து, நெரிசலில் செருப்பைத் தொலைத்துச் சந்நிதியை அடைவதெல்லாம் எங்கே போகும்? 2019 ஏப்ரல் 21இல் குண்டுவெடித்துச் சிதைந்த அந்தக் கோயிலை, இரண்டு மாதம் நிறையுமுன்பே செப்பனிட்டு அதே இடத்தில் திறந்தார்கள். வேறிடம் பார்ப்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை. 1944இல் ஜெர்மானியரின் பறக்கும் குண்டு தெற்கு மேடையைத் தகர்த்தபோது வெஸ்ட் ஹாமும் சில மாதங்கள் வெளியூர்களில் ஆடிவிட்டு, அந்த வருஷ முடிவுக்குள் தன் மைதானத்துக்கே திரும்பியதுதான். யுத்தம் எடுக்காத மைதானத்தை நிலத்தின் விலை எடுத்துக்கொண்டது.

2018இல் மறுபடி போனேன். மாதா கோயில் அப்படியே இருந்தது. பக்கத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துகொண்டிருந்தன. சந்தி திரும்பினால், 1966 உலகக் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்த வெஸ்ட் ஹாம் வீரர் பாபி மூரின் வெண்கலச் சிலை. ரோல்ஸ் கடைக்காரத் தம்பியிடம் அந்தக் கிழவரை விசாரித்தேன். "வாறவர் அண்ணே, மேட்ச் நாள் தவறாமல். ரெண்டு ரோல்ஸ்தான் இப்பவும். வாங்கிக்கொண்டு, அந்தா, அந்த ஹோல்ட்டில நிண்டு ஸ்ட்ராட்போர்ட் பஸ் பிடிக்கிறவர்."